காற்றுமணிக்கு அலுமினியமா, பித்தளையா?

ஆடிக் காற்று எங்கள் காரைக்குடி வீட்டு வளவுக்குள் சும்மா சுற்றிவிட்டுப் போகிறதே, ஒரு காற்றுமணி கட்டிவிடலாம் என்று மூன்று வாரமாக மெனக்கெடுகிறேன்.

பித்தளையில்தான் நாதம் வரும் என்று நம்பி, முதலில் ஒரு கடையில் பித்தளைத் திரைக்கம்பி என்று சொன்னதை வாங்கி வந்தேன். தட்டினால் டொக் டொக். காந்தத்தை வைத்தேன், பச்சக்கென்று ஒட்டியது. இரும்புக்கு மேலே முலாம்! இப்போது காந்தம் இல்லாமல் கடைப் படி ஏறுவதில்லை.

அப்புறம் நிஜப் பித்தளைக் குழாய் ஒன்றும் அலுமினியக் குழாய் ஒன்றும் ஒரே அளவில் கிடைத்தன. வெளிவிட்டம் 25 மி.மீ., தடிமன் 1.5 மி.மீ. இரண்டையும் 50 செ.மீ. நீளத்துக்கு அறுத்தேன். அலுமினியத் துண்டு 150 கிராம், பித்தளை 470. அலுமினியம் லேசாக அறுபடும், ஆனால் பிசிறு எடுக்கும்போது அரத்தின் பல்லெல்லாம் ஈயம்போல் அப்பிக்கொள்ளும். அரத்தில் சாக்கட்டி தேய்த்த பிறகுதான் வேலை ஓடியது. பித்தளை மாவுபோல் உதிர்ந்தது. ஆனால் ஓட்டை போடும்போது டிரில் பிட்டைக் கவ்வி இழுத்து, கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது.

ஓட்டை போடும் இடத்திலும் ஒருமுறை கோட்டை விட்டேன். விளிம்பிலிருந்து 3 செ.மீ.யில் போட்டுத் தொங்கவிட்டதும் ஒலி அப்படியே செத்துவிட்டது. முனையிலிருந்து நீளத்தில் 22.4 சதவீதம், அதாவது 11.2 செ.மீ. வரும் இடத்தில்தான் குழாய் அதிராமல் நிற்கும். அங்கே நூல் கோத்தால் அது ஒலியை அமுக்காது.

செல்போன் டியூனரில் அலுமினியம் 600 ஹெர்ட்ஸ், பித்தளை 410 சொச்சம். பித்தளையின் விறைப்பு அலுமினியத்தைப்போல் ஒன்றரை மடங்குதான், எடையோ மூன்று மடங்குக்கு மேல். அந்தக் கனம்தான் சுருதியை இறக்குகிறது. இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவர, பித்தளையை நேர்விகிதம் போட்டு 34 செ.மீ.க்கு அறுக்கப் போனேன், நல்லவேளை நிறுத்தினேன். நீளம் பாதியானால் சுருதி நான்கு மடங்காகும். சரியான அளவு 41.3.

கேட்டுப் பார்த்தால் அலுமினியம்தான் நெடுநேரம் ரீங்கரித்தது. பித்தளை கனமாக, வட்டமாக ஒலித்துச் சீக்கிரம் அடங்கியது. எனக்கு ஏமாற்றம். ஊஞ்சலில் இருந்த அப்பத்தா, "கோயில் மணி வெண்கலம்டா, பித்தளையில்ல. செம்புக்குத் துத்தநாகம் சேர்த்தா அண்டாதான் வரும்" என்றார். அதுவும் சரிதான். மணிக்குச் சேர்ப்பது வெள்ளீயமாயிற்றே.

ஐந்து குழாயும் அலுமினியத்திலேயே போட்டு, தட்டும் வில்லைக்கு மட்டும் பரணில் கிடந்த பர்மா தேக்குத் துண்டைச் சீவிக்கொண்டேன். பித்தளைக் குழாயை அப்பத்தா புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். அதே கையோடு அலுமினியத்தையும் ஒன்று தேய்த்தார். அது மட்டும் மங்கிப்போய்த் தொங்குகிறது, ஆனால் சுருதி அப்படியேதான் இருக்கிறது.