எட்டு விளக்கும் எரிந்தது, லைவ் மட்டும் போகவில்லை

பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கணினி அறிவியல். முதல் செமஸ்டர் பாடப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, இந்த டேட்டா கம்யூனிகேஷன் எப்படிக்கா? மனப்பாடம் பண்ணா போதும்னு சீனியருங்க சொல்றாங்க" என்று கேட்டிருந்தான். வாய்ஸ் மெசேஜில் சொல்ல ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இந்தப் பாடத்தை எடுக்கப்போகும் வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

மனப்பாடம் பண்ணினால் பாஸாகலாம், அது உண்மைதான். நெட்வொர்க்கின் வேலையைக் கம்பியிலிருந்து (முதல் அடுக்கு) நாம் பயன்படுத்தும் ஆப் வரை (ஏழாவது) பிரித்துக்காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஒப்பிக்கத் தெரிந்தாலே கொஞ்சம் மார்க் வந்துவிடும். அது 1984-இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வெளியிட்ட மாதிரி. இணையம் ஓடுவதோ டிசிபி/ஐபி என்ற வேறு விதித்தொகுப்பில். ஐந்தாவது அடுக்கையும் ஆறாவதையும் உண்மையான நெட்வொர்க்கில் தனித்தனியாகக் காட்டச் சொன்னால் விரிவுரையாளரே கொஞ்சம் யோசிப்பார். ஆனாலும் கேள்வித்தாளில் அந்தப் படம் வரும், தப்பிக்க முடியாது.

எனக்கு அந்த அடுக்குகள் எதற்கென்று விளங்கியது வகுப்பில் இல்லை. செமஸ்டர் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, எங்கள் மாரியம்மன் கோயிலில்தான்.

கோயில் தோட்டத்துக்குள் இருக்கிறது. பால்மரமெல்லாம் போய் இப்போது செம்பனை. ஆட்களில் பாதிப்பேர் டவுன் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் ஜோகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். ஆகவே தீமிதி என்றால் லைவ் போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் பொருளாளர் மாமாவின் போன் விடிய விடிய அடிக்கும். அந்த வருடம் சோதனை ஓட்டத்திலேயே படம் நின்று நின்று வந்தது. கோயில் ஆபீசில் ரௌட்டர், மண்டபத்தில் லேப்டாப், நடுவில் யாரோ எப்போதோ இழுத்துவிட்டுப் போன கேபிள். "லைன் மோசம்மா, கம்பெனிக்கு அடிச்சுச் சொல்லணும்" என்றார் மாமா. எங்கள் ஊரில் எதற்கும் முதல் பழி லைன் மேல்தான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரௌட்டர் பக்கத்திலேயே சின்னக் கேபிளில் மாட்டிப் பார்த்தேன். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. அப்போது வெளி லைனில் குற்றமில்லை. மறுபடி மண்டபத்துக்கு வந்து ரௌட்டருக்குப் பிங் அடித்தேன், அதாவது சோதனைக்காகச் சின்னத் தகவல் துண்டுகளை (பாக்கெட்) அனுப்பி, திரும்பி வருகின்றனவா என்று பார்த்தேன். விண்டோஸ் வழக்கமாக அனுப்பும் 32 பைட் பாக்கெட்டுகள் பத்திரமாகத் திரும்பி வந்தன. 1400 பைட்டாக மாற்றினால் இடையிடையே காணாமல் போயின. பாக்கெட் நீளமானால் பிட்டுகள் அதிகம், அதில் ஒன்றாவது கெட்டுப்போக வாய்ப்பும் அதிகம். ஒரே ஒரு பிட் கெட்டாலும் அந்தப் பக்கத்தில் சிஆர்சி என்ற சரிபார்ப்புக் கணக்கு இடிக்கும், கேபிள் நெட்வொர்க்கின் விதியான ஈதர்நெட் முழு ஃபிரேமையும் (பாக்கெட்டைச் சுமக்கும் உறையை) தூக்கிப் போட்டுவிடும். யாருக்கும் தகவல் சொல்லாது.

மாமா கேபிள் டெஸ்டர் ஒன்று வைத்திருந்தார். எட்டு விளக்குள்ள மலிவு ரகம். மாட்டினோம், 1 முதல் 8 வரை வரிசையாகப் பச்சை எரிந்தது. "பாத்தியா, கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் பிளக்கைக் கண்ணருகே வைத்து நிறங்களைப் பார்த்தேன். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பார்க்க எவ்வளவு ஒழுங்கு! ஜோடி ஜோடியாக, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. கோளாறே அந்த ஒழுங்கில்தான்.

சரியான வரிசையில் வெள்ளை-பச்சைக்கு அடுத்து நீலம் வரும், பிறகு வெள்ளை-நீலம், அதற்கப்புறம்தான் பச்சை. காரணம், ஈதர்நெட்டில் பிளக்கின் 3-ஆம் பின்னும் (கம்பி தொடும் முனை) 6-ஆம் பின்னும் ஒரு ஜோடி. நடுவிலுள்ள 4-உம் 5-உம் பழைய டெலிபோன் ஜோடிக்கு உரிய இடம், அதனால் மற்ற ஜோடி அதன் இருபுறமும் நிற்கவேண்டியதாயிற்று. கம்பியை ஏன் முறுக்குகிறார்கள்? ஒரு ஜோடியில் ஒரே சிக்னல் நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக மறு கம்பியிலும் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல், முறுக்கிக் கிடக்கும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். அந்த முனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் அடிபட்டுப்போகும், சிக்னல் மிஞ்சும். கிரஹாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். எங்கள் கோயில் கேபிளில் 3-ஆம் பின்னுக்குப் பச்சை ஜோடியின் கம்பி, 6-ஆம் பின்னுக்கு நீல ஜோடியின் கம்பி. சேர்ந்து முறுக்காத இரண்டு கம்பிகளில் ஒரே சிக்னல் போனால் பக்கத்து ஜோடியின் இரைச்சலெல்லாம் அதில் கேட்கும். டெஸ்டருக்கு அது தெரியாது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மின்சாரம் போகிறதா என்று மட்டும்தான் அதற்குப் பார்க்கத் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். கோளாறு முதல் அடுக்கில், கம்பியில். இரண்டாம் அடுக்கான ஈதர்நெட் கெட்ட ஃபிரேமைச் சத்தமில்லாமல் கடாசிவிட்டது. நான்காம் அடுக்கில் டிசிபி, தொலைந்ததை மறுபடி அனுப்பியது. அதோடு நிற்காமல், பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று முடிவுகட்டி வேகத்தையும் குறைத்துக்கொண்டது. இந்தப் பழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. 1986 அக்டோபரில், சுமார் 400 கஜ தூரத்திலிருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லாக் கணினியும் தொலைந்ததைத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலைக் கூட்டிக்கொண்டே போனதுதான் காரணம். அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதிய கட்டுரையில், தொலைந்தால் பொறு, வேகத்தைக் குறை என்று டிசிபிக்குக் கற்றுக்கொடுத்தார். நல்ல பாடம்தான். ஆனால் பிளக்கை ஒருவர் தப்பாகக் கிரிம்ப் பண்ணியிருப்பார் (கம்பியில் அழுத்திப் பொருத்தியிருப்பார்) என்று டிசிபிக்கு எப்படித் தெரியும்? இல்லாத நெரிசலுக்கு ஒதுங்கி ஒதுங்கி நின்றது. ஆக ஏழாவது அடுக்கில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் 'லைன் ஸ்லோ'. ஒவ்வொரு அடுக்கும் கீழே நடப்பதை மேலே மறைக்கத்தான் இருக்கிறது, அதற்காகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். மறைத்துவிட்டதால் கோளாறு வந்தால் ஒவ்வொரு படியாக இறங்கித்தான் பார்க்கவேண்டும். இதை ஸ்லைடில் ஒருவரும் போடமாட்டார்கள்.

இரண்டு முனையையும் வெட்டி, புதுப் பிளக் மாட்டினேன். தீமிதி லைவ் ஒழுங்காகப் போனது.

பாடத்தில் தூங்காமல் கேட்கவேண்டிய இன்னொரு இடம், பலபேர் ஒரே ஊடகத்தைப் பகிர்ந்துகொள்வது. தோட்டத்தில் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) எப்படி நடந்தது என்று உன் பாட்டியைக் கேள். விடியுமுன் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், தோட்டக் கணக்கரான கிராணி செக்ரோலை (ஆட்களின் பேர்ப்பதிவேட்டை) பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், பேர் வந்த ஆள் மட்டும் குரல் கொடுக்கும். மோதலே இல்லை, ஆனால் கிராணி வராவிட்டால் ஒன்றும் நடக்காது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு தீவுகளை ரேடியோவில் இணைத்தபோது கிராணியையே எடுத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், இரண்டு மோதிக்கொண்டால் ஏதோவொரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பவேண்டும். அலோஹா என்று பேர். சேனல் தாங்கக்கூடியதில் உச்சபட்சம் 18.4 சதவீதம்தான் தேறும். நேரத்தைக் கூறுபோட்டு, கூறின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பினால் 36.8. இந்த இரண்டு எண்ணும் எங்கிருந்து வருகின்றன என்று ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார், அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. பேசுமுன் காதுகொடு, மோதினால் உடனே நிறுத்து என்று சேர்த்துக்கொண்டு 1973-இல் பொறியாளர் ராபர்ட் மெட்கால்ஃப் ஈதர்நெட்டை ஆரம்பித்தார். இப்போது ஒவ்வொரு கணினிக்கும் தனி வழி தரும் நெட்வொர்க் சுவிட்ச் வந்து கேபிளில் மோதல் ஒழிந்துவிட்டது. வை-ஃபையில் இன்னும் அதே கதை. தாமானில் சாயங்காலம் எல்லா வீட்டு ரௌட்டரும் ஒரே சேனலில் காத்திருந்து காத்திருந்து பேசுகின்றன.

பண்பேற்றம் (தகவலை அலையில் ஏற்றுவது), மல்ட்டிபிளெக்ஸிங் (ஒரே லைனில் பல சிக்னல் அனுப்புவது) எல்லாம் சலிப்பாக இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு படி.

சப்நெட்டிங், அதாவது நெட்வொர்க் முகவரிகளைக் கூறுபோடுவதை, மட்டும் கால்குலேட்டர் இல்லாமல் கையால் பழகு. போன மாதம் மாமா மறுபடி கூப்பிட்டார். கோயிலுக்கு எட்டு கேமரா போடவேண்டுமாம், வருகிறவர்களின் வை-ஃபையிலிருந்து தனியாக இருக்கவேண்டுமாம். ஒரு /28 (32 பிட் முகவரியில் 28 பிட் நெட்வொர்க்குக்கு, மிச்ச 4 பிட் கருவிகளுக்கு) ஒதுக்கினால் போதும் என்றேன். 16 முகவரி, முதலும் கடைசியும் போனால் 14, ரௌட்டருக்கும் ரெக்கார்டருக்கும் ஒவ்வொன்று போனாலும் 12 மிச்சம். "அப்ப அன்னதானக் கூடத்துக்கும் ரெண்டு போட்டுடலாமா?" என்று கேட்டார். தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தக் கூடம் தனிக் கட்டடம், ஆபீசிலிருந்து 100 மீட்டருக்கு மேல் இருக்கும். செப்புக் கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது, நம் ஊர் இடிமின்னலுக்கு வெளியே செம்பு இழுப்பதும் வம்பு. ஃபைபர்தான் இழுக்கவேண்டும். தம்பி, முதல் லீவுக்கு வரும்போது சொல், கூட ஒரு ஆள் வேண்டும். கிரிம்பர் என்னிடம் இருக்கிறது, ஆர்ஜே45 பிளக் ஒரு பாக்கெட் நீ வாங்கி வா.