நெல்லி ஸ்பிண்ட்லரைத் தேடி: கியூ முதல் லெய்சென்ட்ஹுக் வரை

பெல்ஜியத்தின் மேற்குக் கோடியில், பொப்பரிங்கே ஊருக்குத் தென்மேற்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது லெய்சென்ட்ஹுக் ராணுவக் கல்லறை. முதல் உலகப் போரில் இறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். அத்தனை பேரில் பெண் ஒரே ஒருவர்தான்: ஸ்டாஃப் நர்ஸ் நெல்லி ஸ்பிண்ட்லர், வயது 26, இறந்த நாள் 1917 ஆகஸ்ட் 21. வருகிறவர்களில் பலர் நேராக அந்தக் கல்லுக்குப் போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அவர் இறந்தது அங்கே இல்லை. இறந்த இடத்தைப் பார்க்காமல் கல்லறைக்குப் போனால், அந்தச் சாவு ஏன் நடந்தது என்பது கடைசிவரை புரியாது.

முதலில் காகிதம், அப்புறம் பயணம். பிரிட்டிஷ் ராணுவ நர்ஸ்களின் பணிக் கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூஓ 399 என்ற வரிசையில் இருக்கின்றன. 1940 செப்டம்பர் குண்டுவீச்சுத் தீயில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. நர்ஸ்களின் கோப்புகள் அந்தத் தீயில் சிக்கவில்லை. ஆனாலும் தேவையில்லை என்று பட்ட தாள்களை இடையில் களையெடுத்துவிட்டார்கள். ஒரு கோப்பில் நாற்பது தாள் இருக்கும், இன்னொன்றில் நான்குதான் இருக்கும். விண்ணப்பப் படிவம், பயிற்சி பெற்ற மருத்துவமனையின் சான்று, மேட்ரன்கள் (தலைமை நர்ஸ்கள்) எழுதிய ரகசிய மதிப்பீடு, குடும்பத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். வரிசையின் முதல் பகுதி (1 முதல் 9349 வரை) குவீன் அலெக்சாண்ட்ரா ராணுவ நர்சிங் சர்வீஸும் அதன் ரிசர்வும். அதற்குப் பின்னால் வருவது டெரிட்டோரியல் படை நர்ஸ்கள். ஸ்பிண்ட்லர் ரிசர்வைச் சேர்ந்தவர், ஆகவே முதல் பகுதி.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். போர்க்கால நர்ஸ் என்றதும் செஞ்சிலுவைச் சங்கத்தின் வி.ஏ.டி. அட்டைகளில் போய்த் தேடுகிறார்கள். வி.ஏ.டி.க்கள் குறுகிய பயிற்சியோடு வந்த தொண்டர்கள். ரிசர்வில் சேர மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இரண்டு பிரிவும் தனித்தனி. ஒன்றின் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஆளே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பதக்க அட்டைகளிலும் பெண்களுக்குத் தனி இடம், டபிள்யூஓ 372/23. இன்னொன்று, அந்தக் காலச் செய்தித்தாள்கள் ராணுவ நர்ஸ் எல்லாரையும் 'சிஸ்டர்' என்று எழுதிவிடும். ராணுவத்தில் சிஸ்டர் என்பது ஸ்டாஃப் நர்ஸுக்கு மேற்பட்ட பதவி. பதவிப் பெயரைத் தேடுசொல்லாகப் போட்டால் சரியான ஆள் நழுவிவிடுவார்.

கோப்போடு நிறுத்தாமல் டபிள்யூஓ 95/3988 முதல் 3991 வரை உள்ள நாட்குறிப்பையும் எடுங்கள். பிரான்ஸ், பெல்ஜியம் களத்தில் நர்ஸ்களுக்கெல்லாம் தலைமை வகித்த மேட்ரன் மாட் மெக்கார்த்தியின் அலுவலக நாட்குறிப்பு அது. யாரை எந்த முகாமுக்கு மாற்றினார்கள், எங்கே குண்டு விழுந்தது, யாரைப் பின்னுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் நாள்வாரியாக வரும். இரண்டு வரிசைகளும் இணையத்தில் கிடைக்கின்றன. நேரில் போவதானால் டிஸ்ட்ரிக்ட் லைனில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிட நடை. வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்.

நெல்லியின் வாழ்க்கைக்கு யார்க்‌ஷர் போக வேண்டும். வேக்ஃபீல்டுக்காரர், அப்பா போலீஸ் அதிகாரி. 1912 முதல் 1915 வரை லீட்ஸ் டவுன்ஷிப் இன்ஃபர்மரியில் பயிற்சி. ஏழைகள் விடுதியோடு சேர்ந்த மருத்துவமனை அது. இன்று செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனை. அந்த விடுதியின் பழைய கட்டடத்தில்தான் இப்போது தாக்ரே மருத்துவ அருங்காட்சியகம் நடக்கிறது. அவர் பயின்ற இடத்தின் பழைய முகத்தை இன்றைக்கும் அங்கே பார்க்கலாம், தவறவிடாதீர்கள். 1915 இறுதியில் ரிசர்வில் சேர்ந்து, லிச்ஃபீல்டுக்கு அருகே விட்டிங்டன் ராணுவ மருத்துவமனையில் வேலை. 1917 மே மாதம் பிரான்ஸ்.

இனி பெல்ஜியம். ஊர்ப்பெயர்களை இரட்டையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆவணங்களில் பிரெஞ்சு வழக்கில் 'ஈப்ர்' என்று இருப்பது இன்றைய பெயர்ப்பலகையில் 'ஈப்பர்'. லெய்சென்ட்ஹுக் என்ற பெயரைப் பிரிட்டிஷ் காகிதங்களில் தேடினால் கிடைப்பது கடினம். அங்கே அது 'ரெமி சைடிங்'. ரெமி என்ற விவசாயியின் பண்ணையும், அதன் பக்கத்தில் போட்ட ரயில் கிளைப்பாதையும் சேர்ந்து வந்த பெயர்.

ஈப்பரிலிருந்து பொப்பரிங்கே போகும் என்308 சாலையில் ஏறக்குறைய பாதி வழியில், ஆறரை கிலோமீட்டரில், பிராண்ட்ஹுக் வருகிறது. ஈப்பரில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தால் போதும், வழி முழுக்கச் சமதரை. 1917 கோடையில் இங்கே மூன்று சிகிச்சை நிலையங்கள் கூடாரம் அடித்தன: 32, 44 என்ற எண் கொண்ட பிரிட்டிஷ் நிலையங்கள், மூன்றாம் ஆஸ்திரேலிய நிலையம். நெல்லி இருந்தது 44-இல். வழக்கமாக இத்தகைய நிலையங்கள் போர்முனையிலிருந்து இன்னும் பின்னால்தான் இருக்கும். வயிற்றில் காயம்பட்டவரைச் சில மணி நேரத்துக்குள் அறுவை மேசைக்குக் கொண்டுவந்தால்தான் பிழைக்க வழி உண்டு என்பதை அதற்குள் மருத்துவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். வயிறு, மார்பு, தொடையெலும்பு முறிவு என்று காத்திருக்க முடியாத காயங்களுக்காகவே இவற்றை முன்னுக்குத் தள்ளினார்கள். ஆனால் காயம்பட்டவரை விரைவாகக் கொண்டுவர உதவிய அதே சாலையும் ரயில் பாதையும்தான் பீரங்கிக் குண்டுகளையும் இழுத்தன. சாலையோரம் நின்று பாருங்கள்: மறைய ஒரு மேடு கிடையாது. கூடாரத் துணிக்கும் குண்டுச்சிதறலுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 21 காலை பதினோரு மணிவாக்கில் 44-ஆம் நிலையத்தில் குண்டு விழுந்தது. காயம்பட்ட நெல்லி உடனே நினைவிழந்தார். சுமார் இருபது நிமிடத்தில், பொறுப்பு சிஸ்டர் மின்னி உட்டின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. அன்றே மற்ற நர்ஸ்களைச் செயின்ட் ஓமருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிராண்ட்ஹுக்கில் அடுத்தடுத்து மூன்று ராணுவக் கல்லறைகள் உண்டு. நெல்லி அங்கே இல்லை என்றாலும் நியூ மிலிட்டரி கல்லறைக்குள் போய் வாருங்கள். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸை இரண்டு முறை பெற்ற டாக்டர் நோயல் சவாஸ் அதே ஆகஸ்ட் 4-ஆம் தேதி 32-ஆம் நிலையத்தில் இறந்து இங்கே புதைக்கப்பட்டார். அவர் கல்லில் அந்தச் சிலுவை இரட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நெல்லியின் கடைசி வாரங்கள் எப்படிப் போயின என்பதற்கு இந்தக் கல்லறையின் ஜூலை, ஆகஸ்ட் தேதிகளே சாட்சி.

நெல்லியின் உடலை நேர்கோட்டில் ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லெய்சென்ட்ஹுக்குக்குக் கொண்டுபோய், மறுநாள் முழு ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். அதனால்தான் கல்லறைப் பதிவை மட்டும் பார்ப்பவர்கள் இறந்த இடத்தைத் தப்பாக எழுதிவிடுகிறார்கள். 'புதைத்த இடம்' வேறு, 'இறந்த இடம்' வேறு. குறிப்பேட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

பொப்பரிங்கே வரை ரயில் உண்டு. அங்கிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம். வாசலில் பார்வையாளர் மையம், 2012-இல் திறந்தது. ஒரு சுவர் முழுக்க இறந்தவர்களின் முகங்கள். உள்ளே போகுமுன் அவர் கல்லின் குறியீட்டைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்: XVI. A. 3. ரோமன் எண் மனை, எழுத்து வரிசை, கடைசி எண் கல். சுவரில் பதித்த வெண்கலக் கதவுக்குப் பின்னால் பதிவேடும் வரைபடமும் இருக்கும்.

கற்களுக்கு நடுவே நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏறக்குறைய எல்லாக் கல்லிலும் பெயர் இருக்கும். இங்குள்ள 9,901 காமன்வெல்த் கல்லறைகளில் அடையாளம் தெரியாதவை 24 மட்டுமே. ஈப்பருக்கு மறுபக்கம் டைன் காட்டில் 11,961-இல் 8,373 பெயரில்லாதவை. அங்கே கிடப்பவர்களில் பெரும்பாலோர் சேற்றில் விழுந்து, போருக்குப் பின் தோண்டியெடுக்கப்பட்டவர்கள். இங்கே கிடப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக் கட்டிலில் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த நர்ஸ் பெயரைக் கேட்டு, படைப்பிரிவைக் கேட்டு, எழுதி வைத்தார்.

நெல்லியின் கல்லும் மற்றவற்றைப் போலவே போர்ட்லாந்து சுண்ணக்கல். அளவிலோ வடிவிலோ தனிச்சிறப்பு கிடையாது. மேலே அவரது சர்வீஸின் சின்னம், அதன் கீழ் பதவி, பெயர், தேதி. எழுத்து ஆழம் குறைவு, உச்சி வெயிலில் படத்தில் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சம் விழும் நேரம் பார்த்து எடுங்கள். எடுப்பாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்புக்கட்டி தேய்க்கவோ தண்ணீர் ஊற்றவோ வேண்டாம், கல் கெட்டுவிடும். இருபக்கத்துக் கற்களின் பெயரையும் தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.