கொரோனா காலத்தில் ஒரு வலி சிகிச்சைப் பிரிவு

நாள்பட்ட வலிக்குச் சிகிச்சை தருவது என் வேலை. தண்டுவட ஊசி, மூட்டு ஊசி, நரம்பைச் சூடேற்றி வலியை மட்டுப்படுத்தும் ரேடியோ அலைச் சிகிச்சை, புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் என்று அது விரியும். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. கொஞ்ச நாளில் எங்களுக்கு உத்தரவு வந்தது: அவசரமில்லாததை எல்லாம் நிறுத்துங்கள். நாங்கள் செய்வதில் பெரும்பகுதி அந்தக் கணக்கில்தான் விழுந்தது. வலியால் உயிர் போகாதே, காத்திருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம்.

ஆட்களும் போனார்கள். வலி மருத்துவர்களில் பலர் அடிப்படையில் மயக்க மருந்து நிபுணர்கள். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தவும் வென்டிலேட்டரைக் கவனிக்கவும் பழகியவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அவர்களை இழுத்துக்கொண்டது. மீதமிருந்தது நானும் ஒரு செவிலியரும்தான்.

முதல் வேலை, முன்பதிவுப் பட்டியலில் யார் காத்திருக்கலாம், யார் கூடாது என்று பிரிப்பது. சில பெயர்களில் யோசிக்கவே தேவையில்லை. தண்டுவடத் திரவத்துக்குள் மருந்து செலுத்தும் பம்ப் பொருத்தியவர்கள் முதல் வரிசை. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தான பேக்லோஃபென் உள்ள பம்ப் வற்றிப்போனால் வலி மட்டும் கூடுவதில்லை. கடும் காய்ச்சல், தசை இறுக்கம், மனக்குழப்பம் என்று ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை நிரப்புவதை எந்த உத்தரவாலும் தள்ளிப்போட முடியாது. அடுத்து புற்றுநோய் வலிக்காரர்கள். அப்புறம், முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனவர்கள், தொடையின் உள்பக்கம் மரத்துப்போனவர்கள், கால் திடீரென்று பலமிழந்தவர்கள். இவர்களை அன்றைக்கே அறுவை சிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும்.

கஷ்டம் இதற்குப் பிறகுதான். முகநரம்பு வலியால் ஒரு வாய் சோறுகூட மெல்ல முடியாதவரை எங்கே வைப்பது? போதாக்குறைக்கு முகக்கவசம் கன்னத்தில் உரசினாலே அவருக்கு மின்னல் வெட்டும். எங்களைப் பார்க்கக் கிளம்புவதே வலியைத் தூண்டும் வேலை. ரேடியோ அலைச் சிகிச்சையின் பலன் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிற்கும். மறுமுறைக்கான தேதி தள்ளிப்போக, ஓரளவு நடமாடிக்கொண்டிருந்தவர்கள் மறுபடி படுக்கையோடு ஒடுங்கினார்கள். வலி எத்தனை மார்க் என்று பத்துக்குக் கேட்பதை அப்போதுதான் கைவிட்டேன். எல்லாரும் ஒன்பது என்றுதான் சொன்னார்கள், பொய்யும் இல்லை. அதற்குப் பதிலாக "ராத்திரி தூங்குகிறீர்களா? கழிவறைக்குத் தனியாகப் போகிறீர்களா? சாப்பாடு இறங்குகிறதா?" என்று கேட்டோம். முகநரம்பு வலிக்காரரைக் கடைசிக் கேள்விதான் முன்னுக்குக் கொண்டுவந்தது.

ஸ்டீராய்டு ஊசி அடுத்த தலைவலி. தண்டுவடத்தைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியைச் சில வாரம் மந்தமாக்கக்கூடும். நோய் எதிர்ப்பும் குறையலாம். தொற்று பரவும்போது போடலாமா என்று யாரிடமும் திட்டமான பதில் இல்லை. குறைந்த அளவில், அல்லது வெறும் மரப்பு மருந்தால் ஒப்பேற்றினோம். 2020 ஜூனில், கோவிட் சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வின் முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. நாங்கள் அளந்து அளந்து போட்ட அதே குடும்பத்து மருந்து! ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிக்கு அதனால் நன்மை தெரியவில்லை. அதனால் எங்கள் எச்சரிக்கையை விட்டுவிடக் காரணம் கிடைக்கவில்லை.

ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை பற்றிய பீதியும் இடையில் ஒரு சுற்று வந்தது. அது தொற்றை மோசமாக்கலாம் என்று பிரான்ஸ் சுகாதார அமைச்சர் 2020 மார்ச் 14 அன்று எச்சரித்தார். சில நாளிலேயே, அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியது. அதற்குள் பலர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள்.

மற்றதெல்லாம் தொலைபேசியிலும் வீடியோவிலும். நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. குதிகாலில் நடந்து காட்டுங்கள், கால்விரல் நுனியில் நில்லுங்கள் என்றால் கால் நரம்புகளின் பலம் ஓரளவு தெரிந்துவிடும். கேமராவை வீட்டில் இருப்பவர் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். தொட்டு அழுத்திப் பார்க்கும் சோதனைகள் போயின. அதற்கு மாற்று எதுவும் கிடையாது.

மருந்துகளில்தான் கவனம் வேண்டியிருந்தது. தினமும் பாரசிட்டமால் எடுப்பவருக்குக் காய்ச்சல் அமுங்கியிருக்கும். வாசலில் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்து "சரி, போங்க" என்பதில் அர்த்தமில்லை. கடும் வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் மருந்துப் பட்டை போட்டவருக்குக் காய்ச்சல் வந்தால் தோல் வழியாக மருந்து கூடுதலாக இறங்கும், மூச்சு மந்தமாகலாம். தொற்றால் ஏற்கனவே திணறும் நுரையீரலுக்கு அது இன்னொரு சுமை. அதனால் ஒட்டுப்பட்டைக்காரர்கள் எல்லாரையும் அழைத்து, காய்ச்சல் கண்டால் உடனே தெரிவிக்கச் சொன்னோம். தூக்கம் மீறினாலோ மூச்சு மெதுவானாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னோம். ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை மருந்து, திடீரென்று தீர்ந்தவருக்கு மூக்கொழுகல், உடம்புவலி, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். தொலைபேசியில் கேட்டால் கோவிட் மாதிரியே இருக்கும். "கடைசி மாத்திரை எப்போது போட்டீர்கள்?" என்பதை அப்போது முதல் கேள்வியாக வைத்தோம்.

மறுபடி திறந்தபோது தேங்கிய பட்டியல் ஒரு பக்கம். மாதக்கணக்கில் நடக்காமல் தசை கரைந்தவர்களுக்கு, ஊசிக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் தேவைப்பட்டார். அப்புறம் தடுப்பூசி வந்ததும் ஸ்டீராய்டு ஊசிக்கும் அதற்கும் ஒன்றிரண்டு வாரம் இடைவெளி விட்டுத் தேதி குறித்தோம். இன்னொரு பக்கம், கோவிட் வந்துபோன பிறகும் உடம்புவலியும் அசதியும் விடாதவர்கள் புதிதாக வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஊசியால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. செயல்பாட்டைச் சக்திக்கு ஏற்றபடி பங்கிட்டு மெல்லக் கூட்டுவதுதான் வழி.

இப்போதும் முதல் சந்திப்பு நேரில், மருந்து தொடர்பான மறுபார்வை பெரும்பாலும் தொலைபேசியில் என்றே நடக்கிறது. பம்ப் வைத்திருப்பவர்களின் பட்டியலை, நிரப்ப வேண்டிய தேதியோடு, தனியாகவே வைத்திருக்கிறோம்.