கரும்பு ஏறாத டிரக்

போன பொங்கலுக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குக் கரும்பு வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகர். அங்கிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு வியட்நாம்காரர் கடையில் இரண்டு கட்டு சொல்லி வைத்திருந்தோம். என்னிடம் இருப்பதோ பத்து வருடப் பழைய கேம்ரி. அதில் கரும்பை ஏற்றினால் ஒரு முனை டேஷ்போர்டிலும் மறுமுனை பின் கண்ணாடியிலும் இடிக்கும். யோசித்துக்கொண்டிருந்தபோது, "என்னடா மாப்ள, நம்ம டிரக் எதுக்கு இருக்கு?" என்றான் மதுரைக்கார நண்பன். அவன் வைத்திருப்பது ஃபோர்டு எஃப்-150, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் டிரக். கறுப்பு நிறம், நாலு கதவு, உள்ளே தோல் சீட்டு, ஏறுவதற்குத் தானாக இறங்கி வரும் படி. எழுபதாயிரம் டாலருக்குக் கொஞ்சம் கம்மி, ஏழு வருடத் தவணை.

சரி என்று கிளம்பினோம். கடைக்காரர் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், நண்பன் பட்டனை அழுத்தினான், பின்கதவு மெதுவாக, ஏதோ மேடைத் திரை திறப்பது மாதிரி இறங்கியது. கரும்பை உள்ளே தள்ளினால் நுனி வெளியே நிற்கிறது. கரும்பு ஏழடி. தொட்டி ஐந்தரை அடி. கிட்டத்தட்ட பத்தொன்பதரை அடி நீளமுள்ள வண்டி, ஏழடிக் கரும்புக்கு இடமில்லை. கடைசியில் பின்கதவைத் திறந்தே வைத்து, அவன் மனைவியின் பழைய சிவப்புத் துப்பட்டாவை நுனியில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்தோம். அதற்கு முன்னால், தொட்டியில் கீறல் விழக்கூடாது என்று அவன் ஒரு போர்வையை விரித்தான். சரக்கு ஏற்றுவதற்காகவே இருக்கிற தொட்டியில் சரக்கு பட்டுவிடக்கூடாதாம். அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டேன், ஆனால் அந்தப் போர்வை மனசை விட்டுப் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்து இறக்கும்போது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன், கதவுச் சட்டத்தில் ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இந்த வண்டியில் ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில் அச்சடித்திருக்கும். அவனுடைய வண்டியில் 1,480 பவுண்டு என்றிருந்தது, நம் கணக்கில் சுமார் 670 கிலோ. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் நானூறு கிலோ போய்விடும், மிச்சத்தில்தான் சரக்கு. ஊரில் காய்கறி மார்க்கெட்டில் இருந்து கல்யாண மண்டபம் வரை ஓடுகிற நம் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், 750 கிலோ ஏற்றும் என்று கம்பெனியே சொல்லி விற்றது. இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். எதிரே நிற்பது அதைப் போல இருபது மடங்குக்கு மேல் சக்தியுள்ள யானை. நியாயமாகச் சொன்னால் இந்தப் பெரிய யானை பின்னால் படகையோ குதிரை ஏற்றிய டிரெய்லரையோ கட்டி இழுக்கும், அதில் குட்டி யானை பக்கத்தில்கூட வரமுடியாது. ஆனால் நண்பனிடம் படகும் இல்லை, குதிரையும் இல்லை.

இந்தப் பிக்கப் கதை எப்படி ஆரம்பித்தது என்று அன்றிரவு தோண்ட ஆரம்பித்தேன், பல இரவுகள் போனது.

முதலில் விவசாயிகளே ஃபோர்டு மாடல் டி காரின் பின்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மரப்பெட்டி மாட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்துதான் 1925இல் ஃபோர்டே தொழிற்சாலையில் பெட்டி பொருத்திய வண்டியை விற்றது, விலை 281 டாலர். இருபது குதிரைத்திறன். பண்ணையில் வைக்கோல், பால் கேன், ஆட்டுக்குட்டி, எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு போகலாம். இருவர் உட்கார ஒரு சின்ன அறை, மிச்சமெல்லாம் தொட்டி. ஐம்பது வருடம் கிட்டத்தட்ட இதே வடிவம்தான். வெறும் இரும்புத் தரை, வினைல் சீட்டு, பலதில் ரேடியோகூட இருக்காது. யாரும் அதில் கோயிலுக்குப் போகமாட்டார்கள், போனாலும் பின்வாசலில் நிறுத்துவார்கள்.

அப்புறம் வந்தது கோழி. நிஜமாகவே கோழிதான். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறி ஐரோப்பாவில் மலிவாகக் குவிந்தது, பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அதன்மேல் வரி போட்டன. பதிலுக்கு 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் இறக்குமதி செய்யும் லைட் டிரக்குகள்மேல், அதாவது பிக்கப் மாதிரி இலகுரகச் சரக்கு வண்டிகள்மேல், 25 சதவீத வரி போட்டார். கூடவே பிராந்தி, உருளைக்கிழங்கு மாவுச்சத்து எல்லாம் மாட்டின. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள், டிரக் வரி மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. உள்ளூர்க் கம்பெனிகளுக்கு வேலி போட்ட வயல் மாதிரி ஆகிவிட்டது. ஜப்பான்காரர்கள் கொஞ்ச காலம் தொட்டி இல்லாமல் வண்டியை இறக்கி, இங்கே தொட்டி மாட்டி 4 சதவீத வரியோடு தப்பித்தார்கள், 1980இல் அந்த வழியும் அடைக்கப்பட்டது. சுபாரு இன்னும் ஒரு படி மேலே போய், பிராட் என்ற வண்டியின் தொட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பின்பக்கம் பார்த்த மாதிரி முடுக்கி, "ஐயா, இது டிரக் இல்லை, பயணிகள் வண்டி" என்று சொல்லிக் கொண்டுவந்தது. நம் ஊர் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கே வராத யோசனை.

அடுத்தது எண்ணெய். 1973 தட்டுப்பாட்டுக்குப் பிறகு, 1975இல் வண்டிகளின் மைலேஜுக்குச் சட்டம் வந்தது. கார்களுக்கு 1985க்குள் காலனுக்கு 27.5 மைல் என்று கெடு. லைட் டிரக்குகளுக்கு விவசாயி பாவம், கொத்தனார் பாவம் என்று தனிக் கணக்கு, ரொம்ப வருடம் 20க்கு அக்கம்பக்கத்திலேயே இருந்தது, 1996இல் இருந்து 2004 வரை 20.7ஐ விட்டு அசையவே இல்லை. எஃப்-150 என்ற பெயரே இந்த மாதிரி ஒரு சந்தில் பிறந்ததுதான். சரக்கோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை 6,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் புகை வடிகட்டியும் ஈயம் கலக்காத பெட்ரோலும் கட்டாயம், அதனால் அந்த எடையைத் தாண்டுகிற மாதிரி ஒன்றைச் செய்து 1975 மாடலாக இறக்கினார்கள். அதே 6,000 பவுண்டு பின்னால் வருமான வரியிலும் வந்தது. தொழிலுக்கென்று அதற்கு மேல் எடையுள்ள வண்டி வாங்கினால் பெரும்பகுதியை முதல் வருடமே செலவாக எழுதிக்கொள்ளலாம். தச்சருக்கும் பிளம்பருக்கும் என்று கொடுத்த சலுகையில் பல் டாக்டர்களும் வீட்டு புரோக்கர்களும் நுழைந்தார்கள்.

பிறகு மைலேஜ் கணக்கையே சக்கரங்களுக்கு இடையே உள்ள பரப்பை வைத்துப் போட ஆரம்பித்தார்கள், 2011 மாடல் ஆண்டில் இருந்து டிரக்குகளுக்கு அதுதான் கட்டாயம். பரப்பு பெரிதானால் இலக்கு சுலபம். சின்ன வண்டி செய்பவனுக்குத் தேர்வு கடினம், பெரிய வண்டி செய்பவனுக்குக் கேள்வித்தாள் எளிது. இப்படி ஒரு பரீட்சை வைத்தால் எவன் சின்ன வண்டி செய்வான்? அந்த 2011 டிசம்பரிலேயே ஃபோர்டு தன் சின்ன டிரக்கான ரேஞ்சரை இங்கே நிறுத்தியது. 2019இல் அதே பெயரில் திரும்பி வந்தது பழையதைவிட நன்றாகவே பெரிய வண்டி. அதற்கு முந்தைய வருடமே வட அமெரிக்காவில் மஸ்டாங் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர மற்ற கார்களை நிறுத்தப்போவதாகவும் ஃபோர்டு சொல்லிவிட்டது. காரில் கிடைக்கும் லாபம் எங்கே, டிரக்கில் கிடைக்கும் லாபம் எங்கே.

ஆனால் சட்டத்தை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொண்டால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். வாங்குகிறவனுக்கும் ஆசை இருந்தது. 1994இல் டாட்ஜ் ராம், நெடுஞ்சாலையில் ஓடும் பதினெட்டுச் சக்கர லாரியின் முகத்தைக் கொண்டுவந்து பிக்கப்பில் ஒட்டியது. விற்பனை எகிறியது, மற்றவர்களும் முகத்தைப் பெரிதாக்க ஆரம்பித்தார்கள். 2001இல் ஃபோர்டு கிங் ராஞ்ச் என்று ஒரு எஃப்-150 விட்டது. தெற்கு டெக்சஸில் எட்டே கால் லட்சம் ஏக்கர் பரந்து கிடக்கும் மாட்டுப் பண்ணையின் பெயர் அது. சேணம் மாதிரித் தோல் சீட்டு, அதில் பண்ணையின் முத்திரை. வாழ்நாளில் ஒரு மாட்டைக்கூடத் தொடாதவன் மாட்டு முத்திரைமேல் உட்கார்ந்து ஆபீஸ் போகலாம்.

வடிவத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். பழைய எஃப் வரிசையில் நீளத்தில் 36 சதவீதம் ஆட்கள் அறை, 64 சதவீதம் தொட்டி. 2021க்குள் அப்படியே தலைகீழ், 63 அறை, 37 தொட்டி. ஸ்ட்ராட்டஜிக் விஷன் என்ற நிறுவனம் டிரக் வைத்திருப்பவர்களிடம் கேட்டதில், நாலில் மூன்று பேர் வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் எதையும் கட்டி இழுப்பதில்லை. மூன்றில் ஒருவர் தொட்டியில் சரக்கு போடுவதே வருடத்துக்கு ஒரு தடவைதான், அல்லது அதுவும் இல்லை. எங்கள் நண்பனுக்கு அந்த ஒரு தடவை பொங்கல் கரும்பு.

அவனிடம் கேட்டேன், "உனக்கு எதுக்குடா இது?" கோபப்படுவான் என்று நினைத்தேன். இல்லை. "ஊர்ல எங்கப்பா வச்சிருந்தது டிவிஎஸ் ஃபிஃப்டிடா. ரோட்டுல லாரி வந்தா அவரு வண்டியை மண்ணுல இறக்கிருவாரு, நானும் பின்னாடி உக்காந்து கண்ணை மூடிக்குவேன். இங்க வந்தும் பத்து வருசம் சிவிக்ல குனிஞ்சே ஓட்டிட்டேன், போதும்" என்றான். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நானும் மண்ணில் இறங்கிய குடும்பம்தான். இந்த ஊர்ச் சாலையில் கேம்ரியில் போகும்போது பின்னால் சில்வராடோ மாதிரி ஒரு பெரிய பிக்கப் வந்து ஒட்டினால், கண்ணாடியில் அதன் கிரில்லைத் தவிர வேறெதுவும் தெரியாது. அப்போது எனக்கும் தோன்றும், நாமும் ஒன்று வாங்கிவிடலாமா என்று. இப்படித்தான் ஒருத்தன் வாங்கியதைப் பார்த்து பயந்து இன்னொருத்தன் வாங்குகிறான்.

ஆனால் கரும்பு இறக்கிய அன்று இன்னொன்றும் நடந்தது. என் மகளுக்கு நாலு வயது. கரும்பு வந்துவிட்டது என்று ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். நண்பன் ஓட்டுநர் இருக்கையில், வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளி நிறுத்தப் போனான். நான் கத்தியதும் நிறுத்தினான். இறங்கி வந்து அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பிற்பாடு நானே ஏறி உட்கார்ந்து, அவளை பானெட்டுக்கு முன்னால் நிற்கச் சொல்லிப் பார்த்தேன். தெரியவில்லை. கையைத் தூக்கச் சொன்னேன், விரல் நுனி தெரிந்தது. இங்கே இன்சூரன்ஸ் நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் கணக்கிட்டதில், பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமாக இருக்கும் வண்டிகள் பாதசாரியை மோதினால், தாழ்ந்து சரிந்த முகமுள்ள கார்களைவிட மரணம் நேரும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் கூடுதல். இந்த நாட்டில் 2009இல் சாலையில் நடந்து போய் இறந்தவர்கள் 4,100 பேர் சொச்சம், 2022இல் 7,500ஐத் தாண்டிவிட்டது. வண்டி உயரம் மட்டுமே காரணமில்லை, செல்போன் இருக்கிறது, வேகம் இருக்கிறது, நடைபாதை இல்லாத ரோடுகள் இருக்கின்றன. இருந்தாலும் அந்த விரல் நுனியைப் பார்த்த எனக்கு மற்ற காரணங்கள் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

சின்ன டிரக்குக்கு ஆளே இல்லை என்று கம்பெனிகள் சொல்வதை நம்பாதீர்கள். 2021இல் ஃபோர்டு 19,995 டாலருக்கு மேவரிக் என்று ஒன்றை அறிவித்தது, கேட்டவர்களுக்குக் கொடுக்க முடியாமல் திணறியது. விலைதான் பிறகு மளமளவென்று ஏறிவிட்டது. ஜப்பானில் கெய் டிரக் என்று 660 சிசி வண்டி ஓடும், மொத்த நீளமே 3.4 மீட்டர், தொட்டி மட்டும் 1.9 மீட்டருக்கு மேல். நண்பனின் எஃப்-150 தொட்டியைவிட நீளம்! 25 வருடம் பழையதாக இருந்தால்தான் அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்யலாம், அப்படியும் ஆட்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். 2024இல் டெக்சஸ் அரசும் அதற்குப் பதிவெண் கொடுக்க ஒப்புக்கொண்டது.

எங்கள் தெருவில் புல் வெட்ட வருபவர் மெக்சிகோக்காரர். தொண்ணூறுகளின் வெள்ளை ரேஞ்சர் வைத்திருக்கிறார், ஒற்றை அறை, ஏழடித் தொட்டி, பின்கதவில் ஒரு பக்கக் கொக்கி போய் அந்த இடத்தில் கயிறு. அதில் இரண்டு புல்வெட்டி, ஒரு ஏணி, நாலைந்து மண்மூட்டை, மேலே அவர் மகனின் சைக்கிள் எல்லாம் ஏறும். விற்பீர்களா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். சிரித்தார். மாதம் இரண்டு பேராவது கேட்கிறார்களாம், தரமாட்டாராம். சரி, ஜனவரியில் ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக்கு வருமா, கரும்பு ஏற்ற வேண்டும் என்றேன். கரும்பு என்றதும் முகமே மாறிவிட்டது. அவர் வெராகுரூஸ்காரர், அப்பா கரும்பு வெட்டியவராம். "எத்தனை கட்டு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தொட்டிக்குள் ஏறிக் காலால் மண்ணைத் தள்ளிக் காட்டினார், இவ்வளவு இடம் போதுமா என்று.