அத்தை நேர்ந்த பாயசம்

பதினோரு வருஷமாக எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தூக்குப்போசி இருந்தது. அத்தை அதைப் புளி போட்டுத் துலக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி மேலே வைத்துவிடுவார். அவசரத்துக்குப் பால் வாங்கக்கூட எடுக்க விடமாட்டார். "அது புல்லாணியாருக்கு அம்மிணி, இருக்கட்டும்" என்பார்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. ஊர் கேட்ட கேள்விகளையெல்லாம் மாமியாரான அவரே வாங்கிக்கொண்டார். ஒரு சொல்லை என் காதுக்கு வர விட்டதில்லை. யாரோ சொன்னார்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் திருப்புல்லாணிக்கு அழைத்துப் போனதும் அவர்தான். சேதுக்கரையில் நீராடி, அரசமரத்தடியில் நாகரைக் கும்பிட்டு, ஆதிஜெகந்நாதருக்குப் படைத்த பாயசத்தை அந்தப் போசியில் வாங்கிக் குடிக்க வைத்தார். "பொறந்தா இதே போசியோட வரோணும். சேதுவுல கொழந்தைக்குத் தலைக்கு ஊத்தி, பாயசம் படைக்கோணும்" என்று நேர்ந்தது அவர் வாய். ஒன்றரை வருஷத்தில் மகள் பிறந்தாள்.

அப்புறம்தான் எங்கள் தவறு. முதலில் கைக்குழந்தை, பிறகு கொரோனா, பிறகு அத்தையின் முழங்கால் என்று தள்ளிப்போனது. போன ஆனியில் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் அவர் பேசியது அநேகமாக ஒரே சொல்தான், "போசி". வருஷம் திரும்பியதும், இந்த ஆடி அமாவாசைக்கு முதல் நாள், போசியை மடியில் வைத்துக்கொண்டு பெருந்துறையிலிருந்து கிளம்பினோம்.

மானாமதுரை தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. மஞ்சளும் வாழையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பனை, பனை, மறுபடியும் பனை. குடை விரித்தது போல் நிற்கும் உடைமரம். ராமநாதபுரத்தில் இறங்கி ஒரு கார் பேசிக்கொண்டோம். ஓட்டியவர் கீழக்கரைப் பக்கத்து இஸ்லாமியத் தம்பி. நேரே தேவிபட்டினம் போகலாம் என்று என் கணவர் சொன்னதும் வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார். "முதல்ல உப்பூர் புள்ளையாருக்கா. ராமரே அவரக் கும்பிட்டுட்டுத்தான் நவபாஷாணத்துக்கு வந்தாரு." சரி என்று உப்பூர் போனோம். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தத் தரிசனம் எங்களுக்கு இல்லை. வெயிலுகந்த விநாயகர், பெயருக்கு ஏற்றபடி தலைக்கு மேல் கூரை இல்லாமல் ஆடி வெயிலை அப்படியே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அபிஷேகம் முடிந்த ஈரம் எங்கள் கண் முன்னாலேயே காய்ந்தது.

வழியில் அந்தத் தம்பி, "எங்கம்மா ஏர்வாடி தர்காவுல நேர்ந்துக்கிட்டுப் பெத்த புள்ள நான்" என்றார். "எங்க தெருவுல புல்லாணிப் பாயசம் குடிச்சுப் பெத்த புள்ளைகளும் இருக்கு. சந்தனக்கூட்டுக்கு அவுகளும் வருவாக." எங்கள் ஊரில் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. மடியிலிருந்த போசியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் இறங்கி நவபாஷாணம் என்கிற ஒன்பது கல்லையும் சுற்றி வந்தபோது தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. "இது பெண்கடல், இப்படித்தான் இருக்கும். நாளைக்கு சேதுக்கரையில ஆண்கடலப் பாப்பீக" என்றார் தம்பி. வடக்கே பாக் நீரிணை பெண், தெற்கே மன்னார் வளைகுடா ஆண். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தெற்குக் கடல் நிற்கவே விடாதாம்.

ஒரு மனக்குறையையும் எழுதிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் ஓர் இடத்தில், எந்த இடம் என்பது வேண்டாம், "கூட்டத்தில் நிற்க வேண்டாம், பத்து நிமிஷத்தில் சாமி பார்க்கலாம்" என்று ஒருவர் கூடவே வந்தார். ஐந்நூறு ரூபாய் வாங்கினார். ஒரு மண்டபத் தூணருகே எங்களை நிறுத்திவிட்டுப் போனவர் திரும்பவில்லை. பணம் போனது பெரிதில்லை. இறந்த தாய்க்காக வந்த பிள்ளை என்று தெரிந்தே அப்படிச் செய்தாரே என்பதுதான் இரவெல்லாம் என் கணவரை உறுத்தியது. எள்ளும் தர்ப்பையும் கையில் வைத்திருப்பவர்களிடம் இப்படி நடப்பது பாவம். அங்கிருப்பவர்கள் இதைத் தடுக்க வேண்டும்.

அமாவாசை அன்று விடியுமுன்பே சேதுக்கரையில் தலைகள்தான் தெரிந்தன. துணி மாற்ற ஒரு மறைவு கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. காலடியில் ஈரத் துணி, வாழை இலை, பிண்டம். ஆண்கடல் ஆண்கடல்தான். இலங்கையைப் பார்த்து நிற்கிற ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால், அலை இடுப்பில் அடித்துத் திருப்பி உட்கார வைத்தது. என் கணவர் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மகள் என் கையை உதறிவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடினாள். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா, எங்கிருந்தோ வந்தவர், அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"கேக்காம எறங்காதத்தா. ராமரே கேட்டுட்டுல்ல எறங்குனாரு. மூணு நாளு படுத்துக் கெடந்தாரு."

குனிந்து கையளவு நீரை அள்ளித் தன் தலையில் தெளித்துக்கொண்டு, குழந்தைக்கும் தெளித்தார். "இப்பப் போ." நான் அள்ளி மகள் தலைக்கு ஊற்றினேன். அத்தை நேர்ந்ததில் ஒரு பாதி முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மாவைக் காணோம்.

இனி திருப்புல்லாணி. தசரதன் பாயசம் பெற்ற தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, எல்லாம் உங்களுக்குத் தெரியும். பெருமாளையும் பத்மாசனித் தாயாரையும் சேவித்துவிட்டு தர்ப்பசயன ராமர் சன்னிதிக்கு வந்தோம். பதினோரு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் நின்றேன், ஆனால் அவரைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கு வேண்டியதை மட்டுமே மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று பார்த்தது அத்தைதான். என் காதோரம் அவர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது: "இவரும் பொண்டாட்டியப் பிரிஞ்சு கெடக்கறாரு அம்மிணி. நம்ம கஷ்டம் இவருக்குச் சொல்லித் தெரியோணுமா?"

இந்தத் தடவை பட்டர் தீபத்தை மெதுவாகக் கொண்டுபோனார். பாதம் தெரிந்தது. முழங்கால், இடை, மார்பு. கடைசியில் முகம். புல்லைப் படுக்கையாக்கிக்கொண்டு, பக்கத்தில் சீதை இல்லாமல், கடல் வழிவிடுமா என்று கிடக்கிற முகம். அம்பு எடுக்கத் தெரியாதவரா? எடுத்திருந்தால் ஒரு நொடி. ஆனாலும் முதலில் கிடந்து கேட்டிருக்கிறார். ஏழு வருஷம் மாதாமாதம் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த இரவுகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்போது நான் தனியாகக் கிடந்ததாக நினைத்தேன். பின்னால் நின்றவர்கள் தள்ளவில்லை, பட்டரும் அவசரப்படுத்தவில்லை. மகள் மெல்லக் கேட்டாள்: "அம்மா, சீதை எங்கே?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் கணவர் அம்மா இறந்த அன்றுகூட எல்லார் முன்னாலும் அழாதவர். போசியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "வந்துட்டமுங்க" என்றார். ராமரிடம் சொன்னாரா, அம்மாவிடம் சொன்னாரா தெரியாது.

வெளியே வந்து தூணில் சாய்ந்து நான் அழுதுகொண்டிருந்தபோது, "என்னத்தா, எந்தூரு?" என்ற குரல். சேதுக்கரையில் குழந்தையைப் பிடித்து நிறுத்திய அதே அம்மா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மடப்பள்ளியிலிருந்து போசியில் வாங்கிய பாயசம் சுடச்சுட இருந்தது. முதல் வாய் அவருக்குக் கொடுத்தேன். எனக்கு அத்தைக்கே கொடுத்தது போல் இருந்தது. குடித்துவிட்டு, "ராத்திரி எங்கூருல முளைக்கொட்டு. புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க. மாமியாரு கும்பிட்ட மண்ணுல்ல, அம்மனையும் பாத்துட்டுப் போங்க" என்றார். அன்றிரவே ஊர் திரும்புவதாக இருந்தோம். டிரைவர் தம்பி எங்களைக் கேட்கவே இல்லை, மாலையில் வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

சின்ன ஊர். ஒரு பக்கம் பனங்காடு, மறு பக்கம் கடல். கரையில் நாட்டுப்படகுகள், வலைக் குவியல், கருவாட்டு மணம். நடுவில் அம்மன் கோயில், முன்னால் முளைப்பாரிக்குக் கும்மி கொட்டும் முளைக்கொட்டுத் திண்ணை. எங்கள் கொங்கு நாட்டிலும் முளைப்பாலிகை உண்டு, மாரியம்மனுக்குக் கம்பம் நட்டு ஆடுவதும் உண்டு. ஆனால் கம்பத்தைச் சுற்றி ஆடுவது ஆண்கள். இங்கே ஆண்கள் ஓரமாக நின்றார்கள், வட்டம் முழுக்கப் பெண்களுடையது. பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பல் போன பாட்டி வரை.

அப்பத்தா (அப்படித்தான் என் மகள் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்) என்னையும் மகளையும் மட்டும் முளை வளர்க்கும் வீட்டுக்குள் அழைத்துப் போனார். இருட்டறை. எருவும் வைக்கோலும் போட்ட ஓடுகளில் நவதானியம் முளைத்து, வெயில் படாததால் வெளுத்த மஞ்சளில் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. நனைந்த மண்ணும் சாம்பிராணியும் கலந்த வாசனை. யாரும் பேசவில்லை. "முளை நல்லா வந்தாத்தான் மழை வரும்" என்று மட்டும் அப்பத்தா முணுமுணுத்தார். கண்மாய் காய்ந்து கிடந்ததை வழியில் பார்த்துவிட்டு வந்ததால், நானும் அந்தப் பயிரை நோக்கிக் கையெடுத்தேன்.

வெளியே கும்மி தொடங்கியிருந்தது. ஒருவர் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். விதை வாங்கியது, ஓடு வாங்கியது, எரு எடுத்தது என்று கதை மெல்ல நகர்ந்து ராமர் அணை கட்டியதில் வந்து நின்றது. அப்பத்தாவின் கைத்தட்டலை மட்டும் தனியாகக் கேட்க முடிந்தது. காய்ந்த கட்டையும் கட்டையும் மோதுவது போன்ற சத்தம். இடையில் உட்கார்ந்தபோது அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெடிப்பு, விரல் முழுக்க வெள்ளைத் தழும்பு. பத்து வயதிலிருந்து கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்துப் பாசி பாறையைப் பிடித்துக்கொண்டு விடாதாம், விரலில் துணி சுற்றிக்கொண்டு பிடுங்க வேண்டும். "இப்பத் தீவுகிட்டப் போகக் கூடாதுங்கிறாக" என்றார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடலைக் காக்க வேண்டியதுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நீரைத் தலையில் தெளித்துக் கேட்டுவிட்டு இறங்குகிற இந்தக் கையை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

மகள் எப்போது வட்டத்துக்குள் போனாள் என்று தெரியவில்லை. முன்னால் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, இரண்டு சுற்றுக்குள் பிடித்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "அம்மா இருந்திருந்தா எறங்கி ஆடியிருப்பாங்க" என்றார். முழங்கால் வலியோடும் ஆடியிருப்பார்.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பும்போது அப்பத்தா போசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். கழுவித் தருவார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அது கனத்தது. "நெறஞ்சு வந்த ஏனத்த வெறுமனே அனுப்பக் கூடாதுத்தா" என்றார்.

ஊர் வந்து அத்தை படத்தின் முன்னால் வைத்துத் திறந்தோம். பனையோலையில் பொதிந்த கருப்பட்டி, வாய் வரைக்கும். அதன் மேல் ஒரு துணித்துண்டில் முடிந்து ஒரு கைப்பிடி நவதானியம்.

போசியைத் துலக்கி, அதே வேட்டித் துணியில் சுற்றி, மகள்தான் ஏணி போட்டுப் பரணில் வைத்தாள்.