எங்கட கிணற்றுத் தண்ணீர் என்னவாம்?

2025 பெப்ரவரி 6, வியாழன்

இன்று யாழ்ப்பாணத்து நீர்வேலிப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போனோம். இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்திருப்பது கிணற்று நீரில் உள்ள நைத்திரேற்று, உரத்திலும் கழிவிலும் இருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைதரசன் சேர்ந்த பொருள். வெங்காயத் தோட்டங்களுக்குள் மிஷின் இறைத்துக்கொண்டிருந்த நேரம், செம்மண் சேறு முழங்கால் வரைக்கும். போத்தலை அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசி, நிரப்பி, மூடியில் இலக்கம் எழுதி, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள் வைக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் அளந்தும் விட வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் அதன் அளவை மாற்றிவிடும்.

ஒரு வீட்டில் அம்மா ஒருவர் வாளியைத் தந்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, முந்தியும் கம்பஸ் பிள்ளையள் வந்து தண்ணி எடுத்துக்கொண்டு போனவை. பிறகு ஒரு கதையுமில்லை. எங்கட தண்ணியைக் குடிக்கலாமோ, குடிக்கக்கூடாதோ?"

முடிவு வந்ததும் சொல்கிறேன் அம்மா என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். நம்பவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

2025 பெப்ரவரி 7, வெள்ளி

காலை முழுக்க ஆய்வுகூடம். நைத்திரேற்று 220 நனோமீற்றர் புறஊதா ஒளியை உறிஞ்சும், அதை வைத்துத்தான் அளவைக் கணிக்கிறோம். தண்ணீரில் கரைந்திருக்கும் சேதனப் பொருளும் அதே இடத்தில் உறிஞ்சி ஏமாற்றும் என்பதால் 275இலும் ஒரு தரம் பார்த்துக் கழிக்க வேண்டும். கருவியைப் பிடிக்க வரிசை, ஒரே கருவியை நம்பி எத்தனையோ பேர். நீரைக் கருவிக்குள் வைப்பது ஒரு நிமிட வேலை, அதற்காகக் காத்திருப்பதுதான் அரை நாள்.

மத்தியானம் வளாகத்துக்குள் இருக்கும் பரமேஸ்வரன் கோயிலில் மணி கேட்டது, வெள்ளிக்கிழமைக் கூட்டம். இந்த நிலத்தில்தான் 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கினார். 1974இல் அதே இடத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் வந்தது, முதல் தலைவர் கைலாசபதி. 1979இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. ஐம்பது வருடம் தாண்டியும் ஊர்ச்சனத்துக்கு இது இன்னும் "கம்பஸ்"தான். அந்தச் சொல்லில் ஒரு உரிமை இருக்கிறது, எங்கட கம்பஸ் என்கிறார்கள். அந்த உரிமைக்கு நாங்கள் என்ன திருப்பிக் கொடுக்கிறோம் என்ற கேள்வி நேற்றிலிருந்து என்னை விடவில்லை.

2025 பெப்ரவரி 12, புதன்

நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டினேன். குடாநாட்டு நிலத்தடி நீரைப் பற்றி மூத்தவர்கள் நிறையச் செய்திருக்கிறார்கள், நல்ல வேலை, ஒரு குறையும் சொல்ல முடியாது. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத மண் இது, வழுக்கையாறும் மழைக்கு மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல் நீருக்கு மேலே நன்னீராக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியென்றால் கண்டபடி இறைத்து மேலே ஒரு மீற்றர் இறங்கினால் கீழேயிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். மழையை இறக்கிவிடும் அதே வெடிப்புகள் தோட்டத்து யூரியாவையும் மலசலகூடக் குழிக் கழிவையும் இறக்கிவிடுகின்றன. நைத்திரேற்று வரும் வழி அதுதான்.

இவ்வளவும் ஆங்கிலத்தில், தடித்த மட்டை போட்டு, அலுமாரிக்குள். கிணற்றுக்காரருக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. விஞ்ஞான பீடத்தில் ஆங்கிலத்தில் எழுதத்தான் வேண்டும், உலகம் வாசிக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தண்ணீர் தந்தவருக்கு அவருடைய கிணற்றின் அளவைச் சொல்லாமல் விடுவது ஆய்வைப் பாதியில் விடுவதுதான்.

2025 பெப்ரவரி 18, செவ்வாய்

நேற்று வரவு செலவுத் திட்டம் வாசித்தார்கள். எங்கட மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகிறதாம். போர்டிங்கில் இரவு முழுக்க இதே கதை. வாடகை, சாப்பாடு, போட்டோக் கொப்பி, எனக்கு மேலதிகமாக மோட்டார் சைக்கிள் பெற்றோல். கூடினால் நல்லதுதான்.

என்னோடு தண்ணீர் எடுக்க வருபவன் மாத்தறைப் பெடியன். முதலாம் வருடம் வந்தபோது தமிழ் ஒரு சொல் தெரியாது, இப்போது கிணற்றடியில் "ஐயா, மிஷினைக் கொஞ்சம் நிப்பாட்டுவீங்களோ" என்று கேட்கிறான், ஐயாமார் சந்தோசத்தில் இளநீர் வெட்டிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கிணற்றின் அளவை எழுதி ஒரு அட்டை கொடுத்தால் என்ன என்று முதலில் சொன்னது அவன்தான். அவர்களுடைய ஊரிலும் ஆய்வுக்கு வந்து மண் அள்ளிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவேயில்லையாம்.

2025 பெப்ரவரி 27, வியாழன்

சிவராத்திரி விடுமுறை முடிந்து இன்றுதான் மேற்பார்வையாளரைப் பிடிக்க முடிந்தது. அட்டை விசயத்தைச் சொன்னேன். உடனே ஓம் என்று சொல்லவில்லை. சனம் பயந்துவிடும், ஒரே ஒரு மாதிரியை வைத்துக் கிணற்றுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது, மழைக்குப் பிறகு ஒரு அளவு, கோடையில் ஒரு அளவு என்று மாறும் என்றார். நியாயமான பேச்சு. சுன்னாகப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தில் சனம் பட்ட பாட்டை, யார் சொல்வதை நம்புவதென்று தெரியாமல் அலைந்ததை, அவரும் பார்த்தவர்.

ஆனால் சொல்லாமல் விட்டால் பயம் போய்விடுமா? குடிக்கும் தண்ணீர் அவர்களுடையது. கொஞ்ச நேரம் வாதாடினேன். கடைசியில் மூன்று நிபந்தனை போட்டுச் சம்மதித்தார்: அளந்த திகதியும் அலகும் கட்டாயம் இருக்க வேண்டும், என்ன செய்யலாம் என்பதும் இருக்க வேண்டும், ஒருவர் வீட்டு முடிவு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. நல்ல நிபந்தனைகள். இரவே தமிழில் எழுதி முடித்தேன்.

2025 மார்ச் 8, சனி

இன்று நீர்வேலியில் அட்டைகளைக் கொடுத்தோம்.

முதல் வீட்டு ஐயா உள்ளே போய், தன் கிணற்றை முந்தி அளந்த முடிவு எழுதிய ஒரு பழைய கடதாசித் துண்டோடு வந்தார். அவருடைய துண்டில் 12, எங்கள் அட்டையில் 53. "நாலு மடங்கு பழுதாப் போச்சே தம்பி" என்று என் கூட்டாளியிடம் முறையிட்டார், முகம் வாடிவிட்டது. துண்டை வாங்கிப் பார்த்தால் அது நைத்திரேற்றுக்குள் இருக்கும் நைதரசனை மட்டும் கணக்கிட்டது. எங்களுடையது முழு நைத்திரேற்று, அவருடைய 12ஐ 4.43ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றுதான். அன்று இருந்தது போலவேதான் இன்றும் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையை அன்றே தாண்டியும் இருக்கிறது. அந்தத் துண்டை எழுதியவர் அலகையும் எல்லையையும் பக்கத்தில் எழுதிவிட்டிருந்தால் ஐயாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

தேத்தண்ணி தந்த அம்மா வீட்டுக் கிணறும் 50க்கு மேல். மருமகளுக்கு மூன்று மாதக் குழந்தை, புட்டிப்பாலும் கொடுக்கிறார்கள். "நாங்கள் நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் கரைக்கிறனாங்கள்" என்றார். கிருமிக்குக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும், ஆனால் நைத்திரேற்று அதனால் போகாது, தண்ணீர் ஆவியாக ஆவியாக அது இன்னும் செறிவாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோவதை அது தடுக்கும், உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். மருமகளைக் கூப்பிட்டு ஆறுதலாகச் சொன்னேன். தாய்ப்பாலைக் கூட்டப் பாருங்கள், பால்மா கரைக்க இந்தக் கிணற்றை விட்டுவிட்டு அளவு குறைவென்று அளந்து தெரிந்த இடத்துத் தண்ணீர் எடுங்கள், குடும்பநல மாதுவிடம் இந்த அட்டையைக் காட்டுங்கள். அவர் பயப்படவில்லை. எங்கே எடுக்கலாம், எவ்வளவு நாளைக்கு, குளிக்க வார்க்கலாமா என்று வரிசையாகக் கேட்டார். குளிக்க வார்க்கலாம், பிரச்சினை குடிப்பதில்தான்.

எங்கே எடுப்பது என்பதற்கு ஊர்ச் சனசமூக நிலையத்தில் இருந்தவர்கள் வழி சொன்னார்கள். தங்கள் வளவுக் கிணற்றையும் சோதிக்கச் சொல்லிப் போத்தல் கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை கோப்பாய், அதற்குப் பிறகு உரும்பிராய். அட்டையின் மாதிரிப் படிவத்தை அடுத்த பேட்ச் தம்பி தங்கைகளுக்கும் கொடுத்திருக்கிறேன், அவர்கள் சித்திரைக்குப் பிறகு தண்ணீர் எடுக்க இறங்குகிறார்கள். உங்கள் வீட்டிலும் எங்கள் ஆட்கள் தண்ணீர் எடுத்திருந்தால் முடிவைக் கேட்டு வாங்குங்கள், வாங்கும்போது அலகையும் திகதியையும் பாருங்கள்.