இறப்புக்குக் காரணம் கேட்கப் போன அனுபவம்

சமூக மருத்துவ மேற்படிப்பின்போது, நான்கு ஊராட்சிகளில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் எந்த நோயால் இறந்தார்கள் என்று கண்டறியும் வேலை எனக்கு வந்தது. கிராம நிர்வாக அலுவலரின் இறப்புப் பதிவேட்டைப் படியெடுத்தாலே பாதி முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் அது பதியப்படும். நகரத்து மருத்துவமனையில் உயிர் பிரிந்து ஊர்ச் சுடுகாட்டில் எரிக்கப்பட்டவர் ஊர்ப் பதிவேட்டில் இருக்க மாட்டார். ஆகவே கிராம சுகாதார செவிலியரின் குறிப்பேடு, அங்கன்வாடிப் பணியாளரின் நினைவு, சுடுகாட்டில் வேலை பார்க்கும் பெரியவரின் விரல்கணக்கு என மூன்றையும் ஒப்பிட வேண்டியிருந்தது. பெரியவரின் கணக்கே மற்ற இரண்டையும்விட முழுமையாக இருந்தது.

பதிவேட்டின் காரணப் பத்தியில் பெரும்பாலும் ‘முதுமை’ அல்லது ‘இதயம் நின்றது’ என்றே இருந்தது. இதயம் நிற்பது எல்லா மரணத்திலும் நடப்பது. எங்களுக்கு வேண்டியது, அந்த முடிவுக்கு இட்டுச்சென்ற அடிப்படை நோய். மருத்துவர் பார்க்காமல் வீட்டிலேயே இறந்தவர்களுக்கு அதை உறவினரிடம் அறிகுறிகளைக் கேட்டே ஊகிக்க முடியும். இதற்கு வாய்மொழி உடற்கூறாய்வு என்று பெயர். ஒரு வீட்டுக்குப் பத்தாம் நாளே போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். அது என் தவறு. பிறகு பதினாறாம் நாள் காரியம் முடியாமல் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ‘தீராத வயிற்றுவலி’ என்று தயங்கிச் சொன்ன வீடுகளில், அந்தச் சொல் பெரும்பாலும் தற்கொலையை மறைக்கிறது என்று தெரிந்தும், மேலே துருவ எனக்கு மனம் வரவில்லை. வினாப்படிவத்தில் உறவினர் கூற்றுக்கென உள்ள கதைப் பகுதியில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஒரு வீட்டில் மருமகள், “மாமாவுக்கு நெஞ்சு வலிச்சுது, போயிட்டாரு” என்றார். இருமல் எத்தனை நாள், உடம்பு இளைத்ததா, சளியில் இரத்தம் வந்ததா என்று வினாப்படிவத்தின் வரிசையில் கேட்டுக்கொண்டே போனபோது, அவர் உள்ளே சென்று ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். அதில் பாதி தின்ற மாத்திரை அட்டைகளும் காசநோய்ச் சிகிச்சை அட்டையும் இருந்தன. இரண்டு மாதத்துக்குப் பின் சிகிச்சை அட்டையில் மருந்து எடுத்ததற்கான எந்தக் குறியும் இல்லை. நான் நிரப்பிய படிவத்தைத் தனித்தனியாகப் படித்துக் காரணம் முடிவுசெய்த இரு மருத்துவர்களில் ஒருவர் இதய நோய் என்றும் மற்றவர் காசநோய் என்றும் எழுத, மூன்றாமவர் காசநோய் என்று முடித்தார்.

நான் கிளம்பும்போது, திண்ணையில் விளையாடிய மூன்று வயதுப் பேரனைக் காட்டி, “இவனுக்கும் பாக்கணுமா சார்?” என்று அந்தப் பெண் கேட்டார். படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது. அன்று மாலையே செவிலியரிடம் சொல்லி, வீட்டார் அனைவரையும் பரிசோதனைக்கு வரச் செய்தேன்.